பதினோராவது தலையணை உறை

கொலைக்கதை ஒன்று கைக்கு வந்தால் பிளான்காரர் முதலில் செய்வது அதன் கடைசி அத்தியாயத்தைச் சிறை வைப்பது. அந்தப் பக்கங்களை மட்டும் சேர்த்துப் பிடித்து, ஒரு ரப்பர் வளையத்தை அவற்றின் மேல் ஒரே சுற்றாக மாட்டிவிடுவார். எஞ்சிய பக்கங்களைப் படித்து முடித்தபின், கொலையாளி இன்னார் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, நான்காக மடித்து உள்ளே செருகுவார். அதன் பிறகே வளையம் கழலும். திரை விலகும்வரை சந்நிதியில் காத்து நிற்கும் அடியவரின் பொறுமைக்கு இதனை ஒப்பிடலாம். வேறுபாடு ஒன்றே. அடியவர் உள்ளே இருப்பவரைக் கண்டு வணங்கக் காத்திருப்பார். இவர் உள்ளே இருப்பவரைத் தாம் எப்போதோ கண்டுவிட்டதாகச் சொல்லிக்கொள்ளக் காத்திருப்பார்.

வீடு கட்டுவோருக்கு வரைபடம் போட்டுத் தருவது அவர் தொழில். முப்பத்திரண்டு ஆண்டுகளாக, அடுத்தவர் வீட்டில் யார் எங்கே உண்பது, எங்கே உறங்குவது, எந்தச் சன்னல் வழியே எந்தக் காற்றை உள்ளே விடுவது என்று வகுத்துக் கொடுத்தவர். அந்தக் கண்ணோடுதான் கதைகளையும் படிப்பார். கதாபாத்திரம் அழுதுகொண்டு மாடியேறினால், அவள் எதற்காக அழுகிறாள் என்பது அவருக்குப் பொருட்டில்லை. மாடிப்படி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதே பொருட்டு.

நூலகத்து வாசகர் வட்டம் அவரை ஒரு நாவலைப் பற்றிப் பேச அழைத்திருந்தது. ஞாயிறு காலைக் கூட்டம். நாவலாசிரியையும் வருவதாக ஏற்பாடு. நாவல், ஒரு மரக்கடை முதலாளியின் குடும்பத்தைப் பற்றியது. அந்த வீட்டில் பதினொரு பேர். முதலாளி, அவர் மனைவி, மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள், இரண்டு பேரப்பிள்ளைகள், முதலாளியின் தங்கையான ஓர் அத்தை. மூத்தவன் தந்தையோடு பேசுவதில்லை. நடுவிலவனும் இளையவனும் தங்களுக்குள் பேசுவதில்லை. இவர்கள் மிச்சப்படுத்திய பேச்சையெல்லாம் மருமகள்கள் பேசித் தீர்க்கிறார்கள். ஒருநாள் காலை முதலாளி நாற்காலியில் சாய்ந்தபடி இறந்து கிடக்கிறார், பக்கத்தில் பால் குவளை, பாலில் நஞ்சு.

சளி பிடித்த இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து, அன்று யார் யார் எந்த அறையில் படுத்திருந்தீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்கிறார். பால் கொண்டுபோய் வைத்தது யார் என்றும் கேட்கிறார். "யாரும் இல்லை, அத்தைதான்" என்கிறாள் மூத்த மருமகள். இன்ஸ்பெக்டர் தலையசைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறார். பிளான்காரரும் அவர் பின்னாலேயே போய்விட்டார்.

நாவலைப் படிக்கப் படிக்க அந்த வீட்டை அவர் வரையத் தொடங்கினார். பன்னிரண்டாம் பக்கத்தில் பதினெட்டுப் படி ஏறியவர்கள் தொண்ணூறாம் பக்கத்தில் பதினாறு படி இறங்கினார்கள். இரண்டு படிகளை மேலேயே விட்டுவிட்டார்கள் போலும். வடக்குச் சுவரில் ஒன்பது சன்னல்கள். அதற்குமேல் அதனைச் சுவர் என்று அழைப்பது மரியாதைக்காக மட்டுமே. இந்தக் குற்றங்களையெல்லாம் அவர் ஒரு புன்முறுவலோடு மன்னித்தார். மன்னிக்க முடியாதது ஒன்றிருந்தது. பத்துப் பேருக்கும் அறை கிடைத்துவிட்டது. அத்தைக்குக் கிடைக்கவில்லை. முந்நூற்று இருபது பக்கங்களிலும் அவள் வருகிறாள், கதவு திறக்கிறாள், கண்ணாடி தேடிக் கொடுக்கிறாள், பிள்ளைக்குச் சட்டை மாட்டுகிறாள். எங்கே படுத்தாள் என்பது மட்டும் எங்குமே இல்லை. பிளான்காரர் பென்சிலைக் கீழே வைத்து, கையைத் தேய்த்துக்கொண்டார். ஆசிரியை மறந்துவிட்டாள்! ஓர் ஆளையே மறந்துவிட்டாள்!

வீட்டையே சரியாகக் கட்டாதவள் கொலையை எங்கே கட்டியிருக்கப் போகிறாள் என்று, வாழ்வில் முதன்முறையாக, அவர் ரப்பர் வளையத்தைக் கழற்றாமலே விட்டார். நடுவில் மகன்தான் கொலையாளி என்று எழுதிச் செருகியதோடு சரி.

பிளான்காரரின் சொந்த வீட்டில் நான்கு பேர்: அவர், அவர் மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், அவருடைய அக்கா. படுக்கையறை இரண்டு, ஒன்று தம்பதியருக்கு, ஒன்று மகளுக்கு. பின்பக்கம் ஒரு சிற்றறை. மலைக்கும் காட்டுக்கும் வயலுக்கும் கடலுக்கும் சுரத்துக்கும் தனித்தனியே ஒழுக்கம் வகுத்துக் கொடுத்த பழம்புலவர்கள், சமையலறைக்கும் குளியலறைக்கும் இடைப்பட்ட நடைவழியை எந்தத் திணையில் சேர்ப்பது என்று சொல்லாமல் போய்விட்டார்கள். அக்கா ஒன்பது ஆண்டுகளாக அந்தத் திணையில்தான் வாழ்ந்தாள்.

கணவர் மறைந்த பின் தம்பி வீட்டுக்கு வந்தவள் அவள். பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவள். நடைவழியில் அவளுக்கு ஒரு மடக்குக் கட்டில். விரித்தால் கட்டில், காலையில் மடித்தால் சுவரோரம் ஓர் இரும்புச் சட்டம். மூக்குக் கண்ணாடி ஃப்ரிட்ஜின் தலைமேல். மருந்துகள் சமையலறை அலமாரியில் மிளகு டப்பாவுக்குப் பின்னால். புடவைகள் மகளின் பீரோவில் கீழ்த்தட்டில். மற்றவை சாப்பாட்டு மேசைக்குக் கீழே ஒரு பெட்டியில். தலையணைக்கு உறை இல்லை. பழைய துண்டைச் சுற்றியிருப்பாள். குளியலறைக்குப் போகிற யாரும், "கொஞ்சம் நகருங்க, வழியில இருக்கீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். சொல்வது தவறு என்று யாருக்கும் தோன்றியதில்லை. வழி, உள்ளபடியே வழிதான்.

பின்னறையைத் தனக்குத் தரும்படி அவள் மூன்று முறை கேட்டிருந்தாள். முதல்முறை, அறை முழுதும் பழைய வரைபடச் சுருள்கள். இரண்டாம் முறை, சுவரில் ஈரம். மூன்றாம் முறை கேட்டது போன மாதம். சுருள்களை அப்புறப்படுத்தி, சுவர் பூசி, வெள்ளையடித்து, அறை புத்தம் புதிதாக நின்றது. பிளான்காரர் காதில் விழாதவர்போல் அளவு நாடாவை இழுத்து, மூன்று சுவருக்கும் அலமாரி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அது அவருடைய நூலறை ஆகப் போகிறது. தச்சர் ஞாயிறு காலை வருவதாகச் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை பிற்பகல், சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, மறுநாள் பேச்சைப் பிளான்காரர் ஒத்திகை பார்த்தார். மனைவி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மகள் செல்பேசிக்குள் இருந்தாள். அக்கா தன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள்.

"மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களே! பதினொரு பேர் கொண்ட வீட்டில் பத்துப் பேருக்கு மட்டுமே இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள். முதலாளிக்கு நஞ்சு கொடுத்தவர் யாரோ அறியேன். ஆனால் அத்தையை முந்நூற்று இருபது பக்கம் நிற்க வைத்தே கொன்றவர் தாங்கள்தான்!" கையை உயர்த்தி நிறுத்தினார். "இந்த இடத்துல கைதட்டு வரும்."

"வரும் வரும்," என்றாள் மனைவி, தலையணை உறைகளை அடுக்கியபடி. "அந்தம்மா பாவம், மனசு கஷ்டப்படுவாங்க."

"தப்பைத் தப்புன்னு சொல்லணுமில்ல? ஒரு மனுஷி எங்க படுக்கறான்னு கூடவா ஒரு ஆசிரியருக்குத் தெரியாம இருக்கும்? அடிப்படை மரியாதைன்னு ஒண்ணு இருக்கு."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "அப்போ அவ எங்கதான் தம்பி படுத்திருப்பா?"

"அதைத்தானே நானும் கேக்கறேன்!"

"கேக்கறியா? நல்லது. நாளைக்கு எல்லார் முன்னாடியும் சத்தமாக் கேளு."

மகள் செல்பேசியிலிருந்து கண்ணை எடுத்து அத்தையை ஒருமுறையும், அப்பாவை ஒருமுறையும் பார்த்தாள். பிளான்காரர் வரைபடத்தைப் பார்த்தார்.

"நாற்பதாம் பக்கத்துல சலவைக்குத் துணி போடறாங்களே, அது எதுக்குன்னு யோசிச்சியா?" என்றாள் அக்கா.

"நீயும் படிச்சியா?"

"மத்தியானத்துல அங்கங்க புரட்டினேன்."

"உனக்குத் துணி மூட்டையக் கண்டாப் போதும், ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துரும். விரிப்பு இத்தனை, துண்டு இத்தனை, தலையணை உறை பத்துன்னு ரெண்டு பக்கம் வளர்த்திருக்கா. கொலைக்கதையில சலவைப் பட்டியல் எதுக்கு? 'வெட்டி'ன்னு ஓரத்துல எழுதி வச்சிருக்கேன், பாரு."

"பாத்தேன்." அக்கா மெல்லச் சிரித்தாள். "எதுக்கும் கடைசி அத்தியாயத்தைப் படிச்சிட்டுப் பேசு தம்பி."

"எதுக்குக்கா? அஸ்திவாரமே இல்லாத வீட்டுக்கு மொட்டை மாடியில போய் என்ன பார்க்கணும்?"

அப்போது செல்பேசி ஒலித்தது, தச்சர். பிளான்காரர் கூடத்தைப் பார்த்து நடந்தபடி பேசினார். "வாங்க வாங்க, பத்து மணிக்கே வந்துருங்க... நாங்க நூலகத்துக்குப் போயிருப்போம்... வீட்லயா? யாரும் இல்ல, அக்கா மட்டும்தான். கதவு திறந்து விடுவாங்க. அவங்ககிட்ட படம் இருக்கும், அதுல இருக்கறபடி செஞ்சிருங்க."

மனைவியின் கையில் இருந்த துணி ஒரு கணம் மடிபடாமல் நின்றது. அக்கா எழுந்து, கண்ணாடியைக் கழற்றி ஃப்ரிட்ஜின் மேல் வைத்தாள்.

"நானும் கூட்டத்துக்கு வரலாம்னு பார்த்தேன்," என்றாள், அவர் திரும்பியதும்.

"தச்சர் வராரே அக்கா. நீ போனா யார் இருக்கா?" அறையின் படத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். "இதை அவர்கிட்டக் காட்டு. மூணு சுவருக்கும் அளவு போட்டிருக்கு. தப்பு வராது."

அவள் அதை வாங்கிக்கொண்டாள். "பென்சில் ஒண்ணு குடு," என்றாள். கொடுத்தார். எதற்கென்று கேட்கவில்லை, பிறர் வீட்டு அத்தையைப் பற்றிய பேச்சின் இறுதிப் பத்தி இன்னும் செப்பனிடப்பட வேண்டியிருந்தது.

ஞாயிறு காலை நூலகத்துக் கூடத்தில் ஐம்பது பேர் இருந்தார்கள். நாவலாசிரியை சிறிய உருவம். பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை எழுதும் வேலை. முதல் வரிசையில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பிளான்காரர் வரைபடத்தைப் பலகையில் குத்தி, எஃகு அளவுகோலைச் செங்கோல்போல் பிடித்து நின்றார்.

படிகள் பேசப்பட்டன; கூடம் சிரித்தது. ஒன்பது சன்னல்கள் பேசப்பட்டன. கூடம் மேலும் சிரித்தது. சலவைப் பட்டியலை அவர் பூசைப் பாட்டின் இராகத்தில் இழுத்துப் படித்தபோது நூலகரே வாயைப் பொத்திக்கொண்டார். "தலையணை உறை பத்தே... பத்தே..." என்று அவர் முடிக்கையில், ஆசிரியை மட்டும் சட்டென்று நிமிர்ந்து அவரை ஆவலோடு பார்த்தார். பிறகு அத்தை வந்தாள். நிற்க வைத்தே கொன்றீர்கள் என்ற இடத்தில், ஒத்திகையில் வாக்களிக்கப்பட்ட கைதட்டு, வாக்குத் தவறாமல் வந்தது. கடைசி வரிசையில் மகள் தன் தாயின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஆசிரியை எழுந்தார்.

"ஐயா, மொதல்ல ஒரு நன்றி. இந்த நாவல் வந்து ஒரு வருஷம் ஆகுது. அந்த வீட்ல அத்தைக்கு இடமே இல்லைன்னு கண்டுபிடிச்ச முதல் ஆள் நீங்கதான்."

பிளான்காரர் தலையை அடக்கமாகச் சாய்த்தார்.

"ஆனா கடைசி அத்தியாயம்...?"

பிளான்காரர் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். ரப்பர் வளையம் எல்லார் கண்ணிலும் பட்டது. "திறக்கவே இல்லைங்க. தேவைப்படல."

படித்தவர்கள் இருந்த பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. படிக்காதவர்கள் காரணம் தெரியாமலே அதில் சேர்ந்துகொண்டார்கள். "இப்பவே திறந்து ஒரு பத்தி படிச்சுக் காட்டுங்களேன்," என்றார் நூலகர், மிகுந்த பணிவோடு. "உங்க குரல்ல கேட்டா நல்லா இருக்கும்."

வளையத்தைக் கழற்றக் கை வைத்தவர் ஒரு கணம் தயங்கினார். அது இரண்டு சுற்றாக மாட்டப்பட்டிருந்தது. அவர் எப்போதும் ஒரே சுற்றுத்தான் போடுவார். யோசிக்க நேரமில்லை. வளையம் கழன்றது, நான்காக மடித்த காகிதம் கீழே விழுந்தது, முதல் வரிசையில் ஒருவர் அதை எடுத்து, "நடுவில் மகன்" என்று உரக்கப் படித்துவிட்டு, பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

பிளான்காரர் படித்தார். முதலில் கணீரென்று, போகப் போக, யாரோ ஒவ்வொரு விளக்காக அணைப்பதுபோல்.

இன்ஸ்பெக்டர் சலவைச் சீட்டை மேசைமேல் வைக்கிறார். பதினொரு தலை இருக்கும் வீட்டில் பத்துத் தலையணை உறை. "எல்லாரிடமும் எங்கே படுத்திருந்தீர்கள் என்று கேட்டேன். உங்களிடம் மட்டும் கேட்கவில்லை" என்கிறார். அத்தை சொல்கிறாள்: "நீங்க மூணு நாளாக் கேக்கல. அவர் முப்பது வருஷமாக் கேக்கல. அதனாலதான் அந்தப் பாலை நான் கொண்டு போனேன்."

பிளான்காரர் புத்தகத்தை மூடினார்.

"எனக்குப் படி எண்ணத் தெரியாதுங்க, அது உண்மை," என்றார் ஆசிரியை. "பதினெட்டு, பதினாறு, அது என் தப்பு. அடுத்த பதிப்புல திருத்திக்கறேன். அத்தைக்கு அறை இல்லாதது என் தப்பு இல்ல. அந்த வீட்டோட தப்பு. அதை அளவு போட்டுக் கண்டுபிடிச்சீங்க. அதுக்கு என்ன அர்த்தம்னுதான் கண்டுபிடிக்காம விட்டுட்டீங்க. அந்தப் படத்தை எனக்குத் தருவீங்களா? புத்தகத்துல போடணும்."

இம்முறை எழுந்த கைதட்டை அவர் ஒத்திகையில் எதிர்பார்த்திருக்கவில்லை. படத்தைச் சுருட்டி, அக்குளில் இடுக்கிக்கொண்டு, பிறகு தருவதாகச் சொல்லிவிட்டு இறங்கினார்.

வீடு திரும்பும்வரை மூவரும் பேசவில்லை. பேசினால் சிரித்துவிடுவோம் என்று இருவரும், பேசினால் சிரித்துவிடுவார்கள் என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அவர் மனம் மட்டும் அந்த வளையத்தின் இரண்டாவது சுற்றிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

கதவு சாத்தியிருந்தது, பூட்டியிருக்கவில்லை. உள்ளே நுழைந்தவர், வாழ்வில் முதன்முறையாக, தம் சொந்த வீட்டைத் துப்பறிபவரின் கண்ணால் பார்த்தார். ஃப்ரிட்ஜின் மேல் கண்ணாடி இல்லை. மிளகு டப்பாவுக்குப் பின்னால் மருந்து இல்லை. மேசைக்குக் கீழே பெட்டி இல்லை. "அப்பா, என் பீரோவுல கீழ்த்தட்டு காலி!" என்று உள்ளிருந்து கூவினாள் மகள், குரலில் துயரம் இருந்ததாகச் சொல்ல முடியாது. நடைவழியில் கட்டிலும் இல்லை. அது நின்ற இடத்தில், ஒன்பது ஆண்டுத் துரு பதித்த நான்கு புள்ளிகள் மட்டும் தரையில் இருந்தன.

பின்னறையின் கதவு மூடியிருந்தது. அதன் மேல் அவர் போட்ட அலமாரிப் படம் ஒட்டப்பட்டிருந்தது. மூன்று சுவர் அலமாரிகளின் குறுக்கேயும் பென்சில் கோடு. ஒரே ஒரு பலகை மட்டும் பிழைத்திருந்தது. அதற்குக் கீழே புதிதாக ஒரு நீள்சதுரம்: 'கட்டில், ஆறு அடிக்கு இரண்டரை அடி'. பிளான்காரர் பழக்க தோஷத்தால் அளவைச் சரிபார்த்தார். பிழை இல்லை. கதவு உள்பக்கம் திறக்கும் வளைவுக்குக்கூட இடம் விட்டிருந்தாள்.

"அக்கா!"

"தட்டிட்டுக் கூப்பிடு தம்பி. கதவுன்னு ஒண்ணு இருக்கு பாரு."

எத்தனையோ வீடுகளுக்குக் கதவு வைத்துக் கொடுத்தவர், தம் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"சொல்லு," என்றது குரல்.

"தச்சர் எங்கக்கா?"

"வேலை முடிஞ்சுது, போயிட்டார். ஒரு பலகை, ஒரு தாழ்ப்பாள். நல்ல மனுஷன். 'மூணு சுவருக்கும் சொல்லியிருக்காரே'ன்னு தயங்கினார். 'யாரும் இல்லாத வீடுன்னு உங்ககிட்டச் சொன்னாரில்ல, அப்போ எதுத்துக் கேக்க யாரு இருக்கா'ன்னேன். சரின்னுட்டார். கட்டிலையும் பெட்டியையும் அவரே தூக்கி வச்சுக் குடுத்தார்."

"இது நூலறைக்கா..."

"தெரியுமே. உள்ள உக்காந்து படிச்சிட்டுத்தான் இருக்கேன்."

பிளான்காரர் கதவருகே வாயைக் கொண்டுபோனார்; மனைவி காதில் விழக்கூடாது என்ற எண்ணம்; அவளோ இரண்டடி தள்ளித்தான் நின்றாள். "அந்த வளையத்தை... நீதான் கழட்டினியா?"

"வெள்ளிக்கிழமையே படிச்சாச்சு. ரெண்டு சுத்து போட்டு வச்சேன், அப்பவாவது கண்ணுல படட்டும்னு. பெரிய துப்பறியற ஆளு!"

"முடிவு தெரிஞ்சிருந்தும் ஏன்க்கா சொல்லல? ஊர் முன்னாடி என் மானம் போச்சு."

"படிச்சிட்டுப் பேசுன்னு சொன்னேனே. அதுக்கும் முன்னாடி வேற ஒண்ணு மூணு தடவை சொன்னேன். நீ எதைக் காதுல வாங்கின?"

உள்ளே பக்கம் புரளும் ஓசை கேட்டது.

"பயப்படாத தம்பி," என்றாள் அக்கா, சற்றே இளகிய குரலில். "அந்தக் கதையில அவளுக்கு அறை கிடைக்கல, அதனால பாலைத் தூக்கினா. எனக்குக் கிடைச்சிருச்சு. நீ தைரியமாப் பால் குடிக்கலாம்."

மகள் சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மனைவி படுக்கையறைக்குள் போய்விட்டு, கையில் ஒரு வெற்றுத் தலையணையோடு திரும்பி வந்தாள். "என்னங்க, உங்க தலையணைக்கு உறையக் காணோம்."

"இங்க இருக்கு!" என்றது மூடிய கதவு. "வேணும்னா பழைய துண்டு ஒண்ணு வெளியில வச்சிருக்கேன், சுத்திக்கச் சொல்லு."

துண்டு, நன்றாகத் துவைத்து மடித்து, மருத்துவமனை ஒழுங்கில் நான்கு மூலையும் சேர்ந்து, கதவோரம் முக்காலியில் இருந்தது.

பிளான்காரர் நடைவழியில் நின்றார். அக்குளில் இன்னும் அந்த வரைபடச் சுருள். பதினொரு பேர் வீடு, பத்துப் பேருக்கு இடம். கால் வைத்திருந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். நான்கு துருப் புள்ளிகளுக்கு நடுவே, ஏறக்குறைய ஆறு அடிக்கு இரண்டரை அடியில், அவர் நின்றுகொண்டிருந்தார்.

முகம் கழுவக் குளியலறைக்குப் புறப்பட்ட மனைவி அவர் முன்னால் வந்து நின்றாள்.

"கொஞ்சம் நகருங்க," என்றாள். "வழியில நிக்கறீங்க."